ஒரு கணினி, இரண்டு அமைப்பு

போன மாதக் கூட்டத்தில ஒரு தோழர் தன்ர லப்டொப்பை மேசையில வைத்து, "இது இனிக் குப்பைதானே?" எண்டு கேட்டார். 2016-இல் வாங்கினது. திரை, விசைப்பலகை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0-உம் புதிய புரொசெசரும் அதில இல்லை. பழுதாகாத பொருளைப் பழசு எண்டு ஒரு நிறுவனம் அறிவிக்குது, நாங்கள் புதுசு வாங்கக் கடன்படுறோம்.

உடனே இன்னொருவர், "விண்டோஸை அழிச்சிட்டு லினக்ஸைப் போடு, அரைகுறை வேலை வேண்டாம்" என்றார். இதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தோழரின் பரீட்சை மென்பொருள் விண்டோஸில மட்டும்தான் ஓடும். கொள்கைக்காகப் பரீட்சையை விடு எண்டு சொல்ல, வீட்டில இரண்டாவது கணினி இருக்கிற ஆளாலதான் ஏலும்.

ஆகவே இரண்டையும் வைப்போம். கோப்புகளை முதலில் வெளி வன்தட்டில் பிரதி எடுங்கோ. பிட்லொக்கர் இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வையுங்கோ. விண்டோஸுக்குள்ளேயே அதன் பகுதியைச் சுருக்கி, கிடைக்கிற இடத்தில யுஎஸ்பியில இருந்து லினக்ஸை நிறுவலாம். பிறகு கணினியைப் போடும்போது எதுக்குள்ள போகவேணும் எண்டு ஒரு மெனு கேட்கும். விண்டோஸ் 10-ஐ பரீட்சைக்கு மட்டும் திறவுங்கோ. நீட்டிப்புக்குப் பதிந்தால் 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

இது சமரசம்தான், மறைக்கத் தேவையில்லை. 2024 ஓகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், இரண்டு அமைப்பும் இருந்த பல கணினிகளில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. அப்படியான கணினிகளுக்கு அது போகாது எண்டுதான் மைக்ரோசொப்ட் சொல்லியிருந்தது. திருத்தம் வர 2025 மே ஆகிவிட்டது. ஒரே வீட்டில இரண்டு குடித்தனம். ஒருத்தர் கேளாமல் பூட்டை மாத்தினால் மற்றவர் வாசலில நிற்கவேணும்.

இன்னொரு ஆபத்து எங்கட பழக்கம். நானே இரண்டையும் போட்டுவிட்டு ஆறு மாதம் விண்டோஸுக்குள்ளதான் கிடந்தேன். தனியாக இருந்து பழகுறது சலிப்பு, சின்னப் பிரச்சினை வந்தாலும் கேட்க ஆளில்லை. எங்கட கூட்டக் குறிப்புகளை லிப்ரெ ஒபிஸில எழுதத் தொடங்கின பிறகுதான் லினக்ஸ் பக்கம் எனக்கு வேலையிடமாச்சு.

அதனால் இரண்டு விஷயம் கேட்கிறேன். அமைப்பின் குறிப்பு, சுவரொட்டி, கணக்கு எல்லாவற்றையும் லினக்ஸில் செய்வோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடி நிறுவிக் கொடுப்போம், அடுத்த ஒரு மாதம் அவர்களோடு கூட நிற்போம். நிறுவிவிட்டுப் போனால் அவர்கள் திரும்பி விண்டோஸுக்கே போவார்கள், நான் போனமாதிரி.

அலுமாரியில கிடக்கிற பழைய லப்டொப்பையும் 8 ஜிபி யுஎஸ்பி ஒண்டையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்கோ. அந்தத் தோழரின்ர லப்டொப்பில தொடங்குவோம்.