கோமாளிகளின் வழக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகையை முதலிலே வைத்தார். அழுகையை அதற்கு அடுத்தபடியாக வைத்தார். நம் காலத்துக் கலை விமர்சகர்கள் வைக்கும் வரிசை வேறு. அழ வைக்கும் படமென்றால் எழுந்து நின்று வரவேற்பார்கள். சிரிக்க வைக்கும் படமென்றால் வாசலிலேயே மறித்து, ‘வெறும் பொழுதுபோக்கு’ என்று ஒரு சீட்டை முதுகில் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவ்வாறு சீட்டொட்டி அனுப்பப்பட்ட ஈழத்துத் திரைப்படம் ஒன்றன் பொருட்டு வழக்குரைக்கவே இன்று பேனாவை எடுத்தேன். அப்படத்தின் பெயர் ‘கோமாளிகள்’. அது வெளிவந்த ஆண்டு 1976.

இலங்கை வானொலியில் ஒலிபரப்பாகி, வீடுதோறும் புகழ்பெற்றிருந்த ‘கோமாளிகள் கும்மாளம்’ என்னும் தொடர் நாடகமே திரைக்கு வந்தது. எழுதியவர் எஸ். ராம்தாஸ், நெறிப்படுத்தியவர் எஸ். இராமநாதன். மரிக்கார் என்னும் பாத்திரத்தை ராம்தாஸ் ஏற்றார். அப்புக்குட்டியாக டி. ராஜகோபாலும், உபாலியாக எஸ். செல்வசேகரனும், ஐயராக பி. எச். அப்துல் ஹமீட்டும் தோன்றினர். கவிஞர் சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் அதில் நடித்தார்கள். இதன் உயிர் கதையில் இல்லை, பேச்சில் இருக்கிறது. மரிக்கார் பேசுவது முஸ்லிம் மக்களின் தமிழ். அப்புக்குட்டி பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். ஐயர் பேசுவது அந்தணர் வீட்டுத் தமிழ். உபாலி பேசுவது சிங்களவர் நாவிலே புரண்டு வருகின்ற தமிழ். நால்வரும் தத்தம் தமிழை ஓர் எழுத்தளவும் விட்டுக்கொடாமல் ஒருவரோடொருவர் உரையாடுவார்கள். கலகம் மூளும், கும்மாளம் பிறக்கும்.

படித்தோர் கூட்டங்களில் இப்படத்தின்மேல் நான் கேட்டுவரும் குற்றச்சாட்டுக்கள் மூன்று. கதையென்று சொல்லத்தக்கது எதுவும் இதில் இல்லை என்பது ஒன்று. வானொலி நாடகத்தைப் படப்பெட்டியின்முன் நிறுத்தியதேயன்றித் திரைக்கலை இதில் இல்லை என்பது மற்றொன்று. சமூகத்தாரின் பேச்சைக் கேலிப்பொருளாக்கி மலிவான சிரிப்பை விலைக்கு விற்றது என்பது மூன்றாவது. ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தைப் பற்றிக் கனமாகப் பேசுவோர், 1977இல் தர்மசேன பத்திராஜா நெறியாண்ட ‘பொன்மணி’யைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். பேசத்தக்க படந்தான் அது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயின் ‘கோமாளிகள்’ என்ற பெயர் வந்ததும், மக்கள் திரண்டு பார்த்தார்கள் என்று ஒரு வரி சொல்லி அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார்கள். மக்கள் ஏன் திரண்டார்கள் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைப்பதில்லை.

முதலிரண்டு குற்றச்சாட்டுக்களையும் மறுத்துக் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. படப்பெட்டி பல இடங்களில் நட்ட தூண்போல நிற்கிறது. கதை ஓடுவதைவிட உட்கார்ந்திருப்பதே அதிகம். ‘கோமாளிகள்’ காவியமன்று. மூன்றாம் குற்றச்சாட்டே ஆராயத்தக்கது. அதனை ஆராயப் புகுந்தபோதுதான் இப்படம் மெல்ல மெல்ல என் மனத்தில் இடம் பிடித்தது.

மங்கிப்போன படியொன்றில் முதன்முறை பார்த்தபோது புன்னகைத்தேன், அவ்வளவே. வானொலியிற் கேட்ட குரல்களுக்கு முகம் கிடைத்த மகிழ்ச்சி அது. இரண்டாம் முறை பார்க்கையில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் போதுமே என்று தோன்றிற்று. மூன்றாம் முறை மாணவர் சிலரோடு அமர்ந்து பார்த்தேன். உபாலி வாய் திறந்தபோதெல்லாம் அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பால்வழு, இடவழு, எண்வழு என்று கரும்பலகையில் நான் எழுதும்போது கொட்டாவி விடுகின்ற அதே மாணவர்கள்! வழுவைக் கண்டு சிரிக்கின்றவன் வழாநிலையை அறிந்தவன் அல்லனோ? பெண்ணொருத்தியை ‘வந்தான்’ என்று சொன்னால் சிரிப்பு வருகிறது. அச்சிரிப்பே, தன் தாய்மொழியின் இலக்கணம் அம்மாணவனின் உள்ளே உயிரோடிருக்கிறது என்பதற்குச் சான்று. சிங்களப் பேச்சுமொழியில் வினைச்சொல் திணை, பால், எண், இடம் என்பவற்றிற்கேற்ப விகுதி மாறுவதில்லை. ஆகவே தமிழ் பேச முயலும் சிங்களவர் தடுக்கி விழுகின்ற இடம் பெரும்பாலும் வினைமுற்றின் விகுதியே. மெய்ப்பாட்டியலின் பழைய உரையிலே, நகை தோன்றும் இடங்களுள், வேற்றுமொழியாளர் பேசும் தமிழும் குழந்தையின் மழலையும் ஒருங்கே எண்ணப்படுகின்றன. மழலையைக் கேட்டுச் சிரிப்பவர் குழந்தையை இகழ்வதில்லை. வாரி எடுத்து முத்தமிடுகிறார். உபாலியை நோக்கி எழுகின்ற சிரிப்பும் அத்தகையதே.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய நாடு இது. தமிழர் சிங்களம் கற்றாக வேண்டும் என்று நெருக்கப்பட்ட நாட்டிலே, பிழையாகவேனும் தமிழ் பேசியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கின்ற சிங்களவன் ஒருவனை இந்த நாடகம் படைத்தது. இதனை மலிவான சிரிப்பு என்று யார் சொல்லக்கூடும்?

மற்றவர்களின் பேச்சுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தாரின் ‘உவன்’, ‘உது’ என்ற சொற்களைக் கேட்டுத் தமிழகத்தார் வியப்பதுண்டு. அகரம், இகரம், உகரம் என்று சுட்டு மூன்று எனத் தொல்காப்பியம் வகுத்தது. அவற்றுள் உகரச் சுட்டு பிற இடங்களில் ஏட்டோடு நின்றுவிட, இங்கே கிணற்றடியிலும் சந்தையிலும் இன்றும் வழங்குகிறது. முஸ்லிம் மக்களின் பேச்சிலே அரபுச் சொற்கள் மிகுதி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் தலையாய கடமைகளுக்கே ‘தொழுகை’ என்றும் ‘நோன்பு’ என்றும் தூய தமிழ்ப் பெயரிட்டு வழங்குவோர் அவர்களே. நிகண்டில் தேடிப் பிடிக்கவேண்டிய ‘ஆணம்’ என்ற சொல், அவர்கள் வீட்டுச் சோற்றின்மேல் நாள்தோறும் ஊற்றப்படுகிறது! மரிக்காரும் அப்புக்குட்டியும் வாதிடக் கேட்கும்போது, பிரிந்துபோன இரண்டு பங்காளிகள், தாத்தன் சொத்து யாரிடம் கூடுதலாக இருக்கிறது என்று வழக்காடுவதுபோல எனக்குத் தோன்றும்.

சமூகத்தாரின் பேச்சை இந்த நாடகம் இகழ்ந்ததா என்பதே கேள்வி. நகை நான்கு வழியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து: இகழ்ச்சியால், இளமையால், அறியாமையால், கேட்டதை ஆராயாது பற்றிக்கொள்ளும் மடமையால். இகழ்ச்சியிற் பிறக்கும் நகைக்கு ஓர் அடையாளம் உண்டு. இகழ்பவன் மேலே நிற்பான். இகழப்படுபவன் கீழே நிற்பான். தமிழ்ப் படங்கள் பலவற்றில் நாயகன் பேசும் தமிழே அளவுகோல். வட்டார வழக்குப் பேசுபவன் அதன் அருகே நிறுத்தப்பட்ட குட்டையன். 2000இல் வெளிவந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் ஈழத்தமிழ் பேசினார், சுவைபடவே பேசினார். ஆயினும் சுற்றிலும் சென்னைத் தமிழ் ஒலிக்க, அவர் ஒருவரே அங்கு வேற்றுக் குரல். ‘கோமாளிகள்’ படைத்த உலகில் அத்தகைய அளவுகோல் இல்லை. மேலே நின்று மற்றவரை நகைக்கும் தகுதி நால்வரில் எவருக்கும் அளிக்கப்படவில்லை. நால்வரும் ஒரே தளத்தில் நிற்கும் பேதைகள். ஒருவரை நோக்கிச் சிரித்து முடிப்பதற்குள் சிரிப்பு நம் வீட்டுப் பேச்சின்மேலேயே திரும்பிவிடுகிறது.

உலக இலக்கியத்தில் இதற்கு நிகர் தேடினால், 1599ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகம் நினைவுக்கு வரும். அதிலே வேல்சுக்காரன், ஸ்கொத்லாந்துக்காரன், அயர்லாந்துக்காரன், ஆங்கிலேயன் என நான்கு படைத்தலைவர்கள் ஒரே களத்தில் நின்று தத்தம் ஆங்கிலத்தில் வாதிடுகிறார்கள். அக்காட்சியை ஒரு நாட்டின் பல குரல்கள் என்று விரித்துரைக்கும் நம் ஆங்கில ஆசிரியர்கள், நம் வானொலியில் ஒலித்த நால்வரையும் கோமாளிக் கூத்து என்று தள்ளுவது நியாயமாகாது.

நடித்தவர்கள் யார் என்பதையும் மறந்துவிடலாகாது. இராமன் பெயரைத் தாங்கிய ராம்தாஸ் முஸ்லிமாகப் பேசினார். முஸ்லிமான அப்துல் ஹமீட் ஐயராகப் பேசினார். தமிழரான செல்வசேகரன் சிங்களவராகப் பேசினார். 2016இல் காலமாகும்வரை ராம்தாசின் பெயர் ‘மரிக்கார் ராம்தாஸ்’ என்றே வழங்கிற்று. செல்வசேகரன் பெயருக்கு முன்னே ‘உபாலி’ ஏறி அமர்ந்துகொண்டது. பிறன் ஒருவனுடைய பேச்சை அச்சொட்டாகப் பேசிக் காட்ட வேண்டுமாயின், அவனோடு நெடுநாள் பழகியிருக்க வேண்டும். அவன் கோபத்தையும் கொஞ்சலையும் செவியால் உண்டிருக்க வேண்டும். வெறுப்பவனின் செவிக்கு அந்த நுட்பம் எட்டாது.

இப்படம் வெளிவந்த மறு ஆண்டே, 1977இல், தமிழருக்கெதிரான வன்செயல் மூண்டது. 1983 யூலையில் நாடு எரிந்தது. திரையரங்குகளும் படப்பிடிப்புக் கூடமும் படச்சுருள்களும் சேர்ந்தே எரிந்தன. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்கள் கடல்வழியே புத்தளக் கரைக்குச் சென்றார்கள். மரிக்காரின் தமிழ் மன்னார்ச் சந்தையில் ஒலிக்காத ஆண்டுகள் எத்தனை! 2009இல் போர் முடிந்தபின் பலர் மீண்டு வந்தார்கள். ஆயினும், முஸ்லிம் பிள்ளை பேசுவதைக் கேட்டால் மற்றப் பிள்ளைக்கு விளங்காத ஒரு தலைமுறை இடையிலே வளர்ந்துவிட்டது. சிங்களவரின் தமிழைச் சோதனைச் சாவடியிலன்றி வேறெங்கும் கேளாத தலைமுறையும் அதுவே. அயலான் பேச்சைக் கேட்டு அவனெதிரிலேயே சிரிக்கவும், நம் பேச்சைக் கேட்டு அவன் சிரிக்கையில் சினவாதிருக்கவும் நெடுங்காலப் பழக்கம் வேண்டும். ‘கோமாளிகள்’ நமக்கு விட்டுச்சென்றது அந்தப் பழக்கத்தின் பதிவையே.

எங்கள் நறுவிலிக்குளத்துக்குப் பெயர் தந்த நறுவிலி மரத்தின் பழத்தை உண்பவர் குறைவு. ஆனால் அதன் சாற்றில் நல்ல பசை உண்டு. சிறுவர்கள் பட்டத்துக்குக் காகிதம் ஒட்ட அதனையே நாடுவார்கள். நகைச்சுவையையும் விருந்துப் பழமாக மட்டும் எடை போடுகின்ற விமர்சகர் அதன் பசையைக் காணத் தவறிவிடுகிறார்.

பண்டிதனாகிய நீ வழுவுக்கும் வழக்குக்கும் பரிந்து பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், பேச்சுமொழியைக் கதைகளில் எழுதுவது இழிந்தோர் வழக்கு என்று பழுத்த பண்டிதர்களே வாதிட்டார்கள் என்பதை அறிவேன். ஆயின் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து இலண்டனில் பட்டம் பெற்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதி, 1940இல் ‘நானாடகம்’ என்று நூலாகவும் வெளியிட்டார். பழந்தமிழை ஆழக் கற்ற ஒருவருக்கு வாழும் தமிழைக் கண்டு அச்சம் எழவில்லை. செந்தமிழைக் கற்பிப்பது என் தொழில். அதில் ஒரு மாத்திரையும் குறைக்க நான் உடன்படேன். ஆனால் செந்தமிழ் ஒரு மேடை. அதன்மேல் ஏறுகின்ற ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் தமிழோடுதான் வருகிறது. அதை வாசலிலே கழற்றி வைக்கச் சொன்னால், செருப்போடு காலையும் கழற்றச் சொன்னதாகிவிடும்.

ஆகவே தமிழாசிரியர்க்கும் இலக்கியக் கழகத்தார்க்கும் விண்ணப்பம் ஒன்று உண்டு. பாடசாலைகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடமாக இருக்கிறது. அதனைக் கற்கும் மாணவர்க்குக் ‘கோமாளிகள்’ திரைப்படத்தையும், 1978இல் அதே குழுவினர் ஆக்கிய ‘ஏமாளிகள்’ படத்தையும் தேடிப் பிடித்துக் காட்டுங்கள். ‘கோமாளிகள் கும்மாளம்’ ஒலிப்பதிவு நாடா எவர் வீட்டுப் பெட்டகத்திலேனும் கிடந்தால் அது பூஞ்சணம் பிடிக்குமுன் படியெடுத்துக்கொள்ளுங்கள். நால்வரின் பேச்சையும் மாணவரைக் கொண்டு எழுதச் செய்து, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆராயச் செய்யுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை மரிக்காராகவும், எருக்கலம்பிட்டிப் பிள்ளை அப்புக்குட்டியாகவும் வேடமிட்டு நடிக்கட்டும். பேச்சு பிசகும்போது ஒருவரை ஒருவர் திருத்தட்டும்.

விமர்சகர்களையும் ஒன்று வேண்டுகிறேன். ஒரு படம் நம்மை எங்கே அழ வைத்தது என்று எழுதுவதில் நீங்கள் வல்லவர்கள். எங்கே சிரித்தோம், யாரை நோக்கிச் சிரித்தோம், சிரித்தபின் அவரருகில் அமர நமக்கு மனம் வந்ததா என்றும் எழுதுங்கள். நான் இப்படத்தை அந்த மூன்று கேள்விகளாலேயே அளந்தேன். அளக்க அளக்க அதன்மேல் அன்பு கூடிற்று. கோமாளிகளின் வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள், அந்நாடகத்தை இனிமேல் பார்க்கப்போகும் நம் பிள்ளைகள். அவர்கள் கண்ணிற் படுமாறு அதைக் காத்து வைப்பது நமது கடன்.