வாசனை இல்லாத வாயு

சமையலறையில் காஸ் கசிந்தால் அந்தச் செய்தியை வீட்டாருக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். அந்தத் துர்நாற்றம் வாயுவுக்கு இயற்கையாக அமைந்ததன்று. எதைல் மெர்க்காப்டான் என்னும் பொருளைச் சிறிதளவு அதில் வேண்டுமென்றே கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சத்துருவுக்குக் கழுத்தில் மணி கட்டுவது போன்ற யுக்தி இது. இந்த நாற்றத்தினால் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ!

அதே சமையலறையின் மற்றொரு மூலையில் ஃபிரிட்ஜ் நிற்கிறது. சமீப காலத்தில் வாங்கியதாயின், பெரும்பாலும் அதன் குழாய்களில் ஓடுவதும் எரியும் வாயுவே. அதன் பெயர் ஐஸோபியூட்டேன். அடுப்பில் எரியும் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் அதை ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். குடும்பம் ஒன்றுதான்; ஆனால் இந்தச் சகோதரனுடைய கழுத்தில் மணி இல்லை. குளிர் யந்திரங்களுக்குரிய வாயுவில் நாற்றப் பொருளைக் கலப்பது வழக்கமில்லை. ஆகையால் அது கசியும்போது மூக்கு வாய் திறவாது.

மணி இல்லாத வாயு என்ன செய்யும் என்பதற்கு நியூஜிலாந்து தேசத்தில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. ஹாமில்டன் நகரத்தை அடுத்த டாமஹெரே என்னும் ஊரில் பெரிய குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருந்தது. 2008-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 5-ம் தேதி அங்கே அபாய மணி தானாக ஒலித்தது. என்ன விஷயம் என்று பார்த்து வர எட்டுத் தீயணைப்பு வீரர்கள் சென்றார்கள். கிடங்கின் யந்திரங்களில் சுமார் 400 கிலோ குளிர் வாயு இருந்தது. அதில் பெரும் பகுதி புரொப்பேன். அதற்கு வாசனை கிடையாது. எரியும் வாயு இருப்பதாக எச்சரிக்கும் பலகையும் அங்கே கிடையாது. தீயணைப்புப் படையினருக்கும் யாரும் முன்கூட்டித் தெரிவித்திருக்கவில்லை. வீரர்கள் சோதித்துக்கொண்டிருக்கும்போதே, கசிந்து சேர்ந்திருந்த வாயு வெடித்தது. ஒருவர் உயிர் துறந்தார். மற்ற ஏழு பேரும் காயமடைந்தார்கள்.

அந்த வீரர்களிடம் தைரியத்துக்குக் குறைவில்லை, பயிற்சிக்கும் குறைவில்லை. "உள்ளே இருப்பது எரியும் வாயு" என்ற ஒரு வாக்கியம் அவர்கள் காதில் விழவில்லை. அவ்வளவுதான். உதவிக்கு ஓடி வந்தவர்களின் உயிருக்கு அந்த ஒரு வாக்கியம் விலையாகிவிட்டது. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவதும் அதைப் பற்றியே.

"இத்தகைய வாயுவை வீட்டுக்குள் ஏன் கொண்டுவந்தார்கள்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆதியில் குளிர் யந்திரங்களில் அமோனியா, கந்தக டையாக்ஸைடு, மெதில் குளோரைடு ஆகியவற்றை உபயோகித்தார்கள். எல்லாம் விஷம். பெர்லின் நகரில் ஒரு குடும்பம் ஃபிரிட்ஜிலிருந்து கசிந்த வாயுவினால் மாண்டது என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்து, ஐன்ஸ்டீனும் அவருடைய நண்பர் ஸிலார்டும் கசிவுக்கே இடமில்லாத ஒரு குளிர்ப்பெட்டியைக் கற்பனை செய்ய முற்பட்டார்கள். அதற்காக 1930-ல் அமெரிக்காவில் அவர்களுக்குப் பேடண்ட் உரிமையும் கிடைத்தது. அதே 1930-ல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்க ரஸாயனி, புதிதாக ஆக்கிய ஃப்ரியான் வாயுவை ஒரு சபையில் எல்லோரும் பார்க்க முகர்ந்து, அந்த மூச்சினாலேயே ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் காட்டினார். விஷமுமில்லை, தீப்பற்றுவதுமில்லை என்று உலகம் மகிழ்ந்தது.

ஆனால் அந்தச் சாதுவான வாயு ஆகாயத்தின் உச்சிக்குச் சென்று, சூரியனின் தீய கிரணங்களைத் தடுக்கும் ஓஸோன் திரையை அரிக்கும் என்று 1974-ல் மொலினா, ரோலண்டு என்ற இரு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1985-ல் தென் துருவத்தின் மேல் ஓஸோன் வெகுவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. 1987-ல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் ஏற்பட்டது. பின்னர் வந்த ஆர்-134ஏ என்னும் வாயு ஓஸோனைத் தொடவில்லை. எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் குணம் அதற்கு இருந்தது. ஐஸோபியூட்டேனுக்கும் புரொப்பேனுக்கும் இந்த இரண்டு தோஷங்களும் இல்லை என்றே சொல்லலாம். ஜெர்மனியில் 1993-ல் அவற்றைக் கொண்டு ஃபிரிட்ஜுகள் ஏராளமாகத் தயாராகத் தொடங்கின. நம் தேசத்தில் 2012-ல் புரொப்பேன் நிரப்பிய ஏ.ஸி. யந்திரங்களும் விற்பனைக்கு வந்தன. பூமியின் க்ஷேமத்தை உத்தேசித்து ஒரு சிறு அபாயத்தை வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஏற்றுக்கொண்டது சரியே. அதைத் தெரிந்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சிறு அபாயம் என்று சொன்னோம். எவ்வளவு சிறிது? டாமஹெரேயில் 400 கிலோ. நம் வீட்டு ஃபிரிட்ஜில் சாதாரணமாக 100 கிராமுக்கும் குறைவு. ஐஸோபியூட்டேன் தீப்பற்ற வேண்டுமானால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 43 கிராம் கலந்திருக்க வேண்டும். 60 கிராம் வாயு ஒரு சிறிய சமையலறை முழுவதும் பரவிவிட்டால் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும். ஆகையால் பீதி கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இந்த வாயு காற்றைப்போல் இரு மடங்கு கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து மூலையில் தேங்கும். 200 லிட்டர் கொள்ளும் மூடிய பெட்டிக்குள்ளேயே கசிந்தாலோ, தீப்பற்றும் கலவை உண்டாவதற்கு 9 கிராம் போதும். ஏ.ஸி. யந்திரத்தில் வாயுவின் அளவும் பல மடங்கு அதிகம்.

கசிவு பெரும்பாலும் எப்படி நேருகிறது? பல வீடுகளில் நம்முடைய கைகளாலேயே நேருகிறது. மேல் அறையில் கட்டியிருக்கும் பனிக்கட்டியைக் கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ குத்திப் பெயர்க்கிறோம். அந்தத் தகட்டின் உட்புறத்தில்தான் வாயு ஓடும் மெல்லிய குழாய் இருக்கிறது. கத்தி அதில் பட்டால் "உஸ்" என்று ஒரு சப்தம் கேட்கும். கசிவுக்கு வேறு மணி கிடையாது.

அந்தச் சப்தம் கேட்டால் செய்ய வேண்டியவை சில; செய்யக் கூடாதது முக்கியமாக ஒன்று. எந்த ஸ்விட்சையும் தொடலாகாது. போடுவதிலும் பொறி உண்டு, அணைப்பதிலும் பொறி உண்டு. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவதும் அப்படியே. சுழலும் மின்விசிறி சுழலட்டும், நின்றது நிற்கட்டும். எரியும் அடுப்பையும், பூஜை விளக்கையும், ஊதுவத்தியையும் அணைத்துவிட வேண்டும். வாசல் கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறக்க வேண்டும். வாயு தரையில் தவழ்வதால் உயரத்து ஜன்னல் மட்டும் போதாது. கதவு திறந்தாக வேண்டும். ஃபிரிட்ஜின் கதவு திறந்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம்; மூடினால் வாயு உள்ளே சேரும். தரையில் தவழும் குழந்தையையும் பாயில் படுத்திருக்கும் பெரியவர்களையும் முதலில் வெளியேற்ற வேண்டும். மெயின் ஸ்விட்ச் அறைக்கு வெளியே தூரத்தில் இருந்தால் அதை அணைக்கலாம். டெலிபோனில் பேசுவதை வெளியே வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பீறிட்ட வாயு கையில் பட்டுத் தோல் உறைந்துபோனால் தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தீயே பற்றிவிட்டால் விதி மாறுகிறது. இதைக் குழந்தைகளும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: கசிவுக்குக் கதவைத் திற, தீக்குக் கதவைச் சாத்து. காற்று புகப் புக நெருப்பு வளரும். எல்லோரும் வெளியே வந்ததும் அந்த அறையின் கதவைச் சாத்திவிட வேண்டும். மின்சாரம் ஓடும் யந்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றலாகாது. தீ சிறிதாயிருந்து, வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருந்தால் மாத்திரம், உலர்ந்த பொடியோ கரியமில வாயுவோ அடங்கிய தீயணைப்பானை உபயோகிக்கலாம். இரண்டொரு விநாடியில் அடங்காவிட்டால் விட்டுவிட்டு ஓடி வருவதே வீரம். ஃபிரிட்ஜின் சுவர்களில் அடைத்திருக்கும் நுரைப் பொருள் எரியும்போது எழும் புகை கொடிய விஷம். ஏ.ஸி. யந்திரங்களில் இப்போது அதிகமாக உபயோகிக்கும் ஆர்-32 வாயு சுலபத்தில் பற்றாது; பற்றினாலோ ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் அரிக்கும் விஷத்தைக் கக்கும். புகை சூழ்ந்த அறைக்குள் சாமான்களுக்காகத் திரும்பிச் செல்வது ஒருபோதும் கூடாது.

பழுது பார்க்கும் கடைகளில் வாயு சிலிண்டர் எரியும்போது, தீயணைப்பு வீரர்கள் சில சமயம் ஜ்வாலையை அணைக்காமல் சுற்றிலும் தண்ணீர் தெளித்துக் குளிர்வித்துக்கொண்டிருப்பார்கள். "வேடிக்கை பார்க்கிறார்களே!" என்று கூட்டத்தில் சிலர் கோபிப்பதுண்டு. காரணம் இருக்கிறது. கசிவை அடைக்காமல் ஜ்வாலையை மட்டும் அணைத்தால், கசிந்த வாயு அக்கம்பக்கத்தில் சேர்ந்து ஒரே தடவையாக வெடிக்கும். எரிகிற வாயு இருக்கிற இடம் தெரியும். எரியாத வாயு இருக்கிற இடம் தெரியாது.

பழுது பார்க்க வருகிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயுவை வெளியேற்றிக் குழாயை நைட்ரஜனால் சுத்தம் செய்யாமல் பற்றவைப்புச் சுடரைக் குழாயில் காட்டுவது அபாயம். கசிவு இருக்கிறதா என்று சோதிக்க ஆக்ஸிஜனை ஏற்றுவது அதைவிடப் பேரபாயம். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும். எரியாத வாயுவுக்கென்று செய்த பழைய யந்திரத்தில், மலிவாகக் கிடைக்கிறதென்று எரியும் வாயுவை நிரப்பிவிட்டு, மேலே பழைய சீட்டையே விட்டுவைப்பது எல்லாவற்றிலும் மோசம். வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு வஸ்து! "என்ன வாயு நிரப்புகிறீர்கள், அப்பா?" என்று கேட்பதற்கு வீட்டுக்காரருக்கும் வீட்டு அம்மாளுக்கும் பூரண உரிமை உண்டு.

இப்போது அந்த ஒரு வாக்கியத்துக்கு வருவோம். ஃபிரிட்ஜின் பின்புறத்திலோ உட்புறத்திலோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ஆர்-600ஏ என்றிருந்தால் ஐஸோபியூட்டேன். ஆர்-290 என்றால் புரொப்பேன். இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. ஆர்-32 என்றால் மெதுவாகப் பற்றும். ஆர்-134ஏ என்றால் சாதாரணமாகப் பற்றாது. வீட்டிலுள்ள ஒவ்வொரு யந்திரத்தின் வாயு இன்னதென்று ஒரு காகிதத்தில் எழுதி மெயின் ஸ்விட்சுக்கு அருகில் ஒட்டிவிட்டால், அது பத்து நிமிஷ வேலை. ஆபத்துக் காலத்தில் 101-க்கோ 112-க்கோ பேசும்போது, விலாசத்தைச் சொன்ன கையோடு வாயுவின் பெயரையும் சொல்ல வேண்டும். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும். வண்டி வந்து நின்றதும் வீட்டார் ஒருவர் எதிர்கொண்டு மறுபடியும் அதைச் சொல்ல வேண்டும்.

நம்மைக் காப்பாற்ற வருகிறவர்களும் ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவர்கள். அவர்களைத் தெரியாத அபாயத்துக்குள் அனுப்பாமல் இருப்பது நம்முடைய கடமை. நேயர்கள் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும் எழுந்து சென்று, ஃபிரிட்ஜின் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வருவார்களாக.