எழுபது வளைவு ஏறும் முன்



மிளகு வரத்து மும்முரமான ஒரு நாளில் என் கடைக் கம்ப்யூட்டருக்கும் கிடங்குக் கம்ப்யூட்டருக்கும் தொடர்பு அறுந்தது. அடிவாரத்துக்குப் போன் செய்து, "சுவிட்ச் போய்விட்டது" என்றேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர் எலக்ட்ரீசியன்! அன்றைய பில் அனைத்தும் கையெழுத்தில்தான். குற்றம் அவருடையதல்ல, எனக்குச் சொல் தெரியவில்லை.

இந்தச் சுவிட்ச் விளக்குப் போடுவதல்ல. ஈதர்நெட் கம்பிகள் வந்து சேரும் பெட்டி. கம்பி செருகும் துளைக்குப் போர்ட் என்று பெயர். பழைய ஹப் பெட்டி, ஒருவர் சொன்னதை எல்லோருக்கும் கூவும். சுவிட்சோ நல்ல கணக்கப்பிள்ளை. எந்தப் போர்ட்டில் யார் என்று குறித்துக்கொண்டு உரியவரிடம் மட்டும் சேர்க்கும்.

புரோட்டோகால் என்பது பேச்சு முறை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். எந்த விரலுக்கு என்ன மதிப்பு என்பது இருவருக்கும் ஒன்றாக இருந்தால்தானே பேரம் படியும்?

இன்னொன்று: சாதாரண செப்புக் கம்பி ஒரே ஓட்டமாக 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கிடங்கு அதற்கு அப்பால் என்றால் நடுவில் ஒரு சுவிட்ச் வேண்டும். அல்லது ஃபைபர் இழுக்க வேண்டும்.

தராசைப் பார்க்காமல் சரக்கு வாங்காத நாம், பெயர் தெரியாமல் பெட்டி வாங்கலாமா? இந்தச் சொற்களைச் சங்கம் ஓர் அட்டையில் அச்சிட்டுக் கடைதோறும் தர வேண்டும். "எட்டுப் போர்ட் சுவிட்ச், மூன்றாவது போர்ட்டில் விளக்கு எரியவில்லை" என்று போனில் சொல்லத் தெரிந்தால், வருகிறவர் சரியான சாமானோடு ஒரே நடையில் வேலையை முடிப்பார்.