கயிறு திரிக்கவில்லை, இழுத்தேன்!

பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே பத்திலிருந்து ஒன்று வரை எண்ணினால் போதும், டன் கணக்கில் எடையுள்ள ராக்கெட் ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. ஏரிக்கு இந்தப் பக்கம் நான் ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை எண்ணினேன். எட்டுக் குதிரைசக்தி படகு எஞ்சின் ஒன்று தும்மக்கூட இல்லை.

எண்ணினேன் என்றால் சும்மா இல்லை சார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கயிறு இழுப்பு. நாற்பதாவது இழுப்பில் என் வலது தோள்பட்டை தனிக்குடித்தனம் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன், பழவேற்காட்டுக்காரன். இப்போது சென்னையில் ஒரு ஆபீஸில் டெபிட், கிரெடிட் என்று பிழைப்பு. போன வாரம் போன் பண்ணினான்.

"மச்சான், ஊர்ல வீட்டை இடிச்சுக் கட்டறோம். பரண்ல நைனாவோட பழைய எஞ்சின் கிடக்கு. திங்கட்கிழமை எடைக்காரன் வர்றான். நைனா ஒரு வாட்டி ஓட வெச்சுப் பாக்கணும்ங்கறாரு. நீ வாயேன்."

"எனக்கு எஞ்சினைப் பத்தி என்னடா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான் கூப்பிடறேன். தெரிஞ்சவன் காசு கேக்கறான்."

நான் காமர்ஸ் பட்டதாரி. 1989-ல் வாங்கின எஞ்சின். வருஷம் பத்து சதவிகிதம் தேய்மானம் போட்டால் 1999-லேயே அதன் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்துக்கு ரிப்பேர் செலவு செய்வதைக் கணக்கு சாஸ்திரம் ஒப்புக்கொள்ளாது. ஆனால் அவன் அம்மா வைக்கும் நண்டுக் குழம்பை எந்த சாஸ்திரமும் மறுக்காது. சனிக்கிழமை காலை பொன்னேரி வழியாகப் பஸ் ஏறிவிட்டேன்.

பழவேற்காடு தெரியும் இல்லையா? சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி. டச்சுக்காரர்கள் 1613-ல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி வியாபாரம் பண்ணிய ஊர். கோட்டை போய்விட்டது. கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். வரும்போது அதைப் பார்த்தேன். ஞாயிறு சாயங்காலம் என் தோள் இருந்த நிலைமைக்கு அது எனக்கு அண்ணன் மாதிரி.

பரணிலிருந்து எஞ்சினை இறக்கினோம். அரிசி சிப்பம் கனம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது மற்றதெல்லாம் நனைந்தும், பரணில் இருந்ததால் இது மட்டும் தப்பியதாம். கம்பெனி பெயர் உப்பில் கரைந்துபோய்விட்டது. ஜப்பான்காரன் என்பது மட்டும்தான் தெரிந்தது. அப்பா (நண்பனின் அப்பாவை நானும் அப்பா என்றுதான் கூப்பிடுவேன்) பக்கத்தில் உட்கார்ந்து, அதைத் துண்டால் துடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த மாதிரி எஞ்சினை ஊர் உலகத்துக்கு வியாபாரமாகக் கொண்டுபோனவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்கா போனவர். கடும் வெயிலில் காதலி ஐஸ்க்ரீம் கேட்டாளாம். மனுஷன் ஏரியில் துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்தக் கடுப்பில் யோசித்து, 1909-ல் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அந்தக் காதலி பெஸ்தான் பிறகு மனைவியாகி, கம்பெனியின் வியாபாரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். காதலி ஐஸ்க்ரீம் கேட்டால் நாமெல்லாம் பர்ஸைத் தடவுகிறோம். அதனால்தான் எதையும் கண்டுபிடிக்காமல் இருக்கிறோம்.

உள்ளூர் மெக்கானிக் ஒருவரைப் பிடித்தோம். வயசு இருபத்தைந்துக்குள். நான் வீரமாகக் கயிற்றைப் பிடித்தேன். "கையை எடு சார்!" என்று அதட்டினார்.

இருபது வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்த எஞ்சினை எடுத்த எடுப்பில் இழுக்கவே கூடாதாம். உள்ளே பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். முரட்டுத்தனம் பண்ணினால் ரிங் உடையும். பிளக் இரண்டையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டார். "ராத்திரி ஊறட்டும். காலைல பாக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். எனக்கும் நண்டுக் குழம்பில் ஊறினால் போதும் என்றிருந்தது.

ஞாயிறு காலை ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றினார். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் கொஞ்சம் பொறுமை. ஒன்பது மணிக்கு 'க்ளுக்' என்று ஒரு சத்தம். சுற்றியது! அப்பாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு அசைவு.

பிறகு ஒவ்வொன்றாக. கீழே கியர் பெட்டி ஆயிலைத் திறந்தோம். பால் மாதிரி வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல வேளை, கறுப்பாகத்தான் வந்தது. புது ஆயில். அடுத்தது தண்ணீர் பம்ப். அதற்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் பழைய அப்பளம் மாதிரி நொறுங்கியது. இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, உடம்பைக் குளிர்வித்து, வெளியே துப்பும். அதனால் தண்ணீர் இல்லாமல் ஓட விட்டால் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் காலி. புது இம்பெல்லரை நண்பன் முன்கூட்டியே காசிமேட்டுப் பக்கம் அலைந்து வாங்கி வைத்திருந்தான். கெட்டிக்காரன்.

புது பிளக் போட்டு, எஞ்சினைத் தண்ணீர் நிரப்பின டிரம்மில் மாட்டி, ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றி, இழுத்தோம். அந்த நாற்பத்து மூன்றுதான். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகியதே தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"ஊசி மாட்டிக்கிச்சு" என்றார் மெக்கானிக். கார்புரேட்டரில் ஒரு மிதவை. அதன் மேலே ஒரு சின்ன ஊசி. பெட்ரோல் நிரம்பினதும் மிதவை எழும்பி, ஊசி வழியை அடைக்க வேண்டும். பழைய எரிபொருள் காய்ந்து பிசின் மாதிரி பிடித்துக்கொண்டதால் ஊசி அடைக்கவில்லை.

இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. எதிர்க்கரையிலிருந்து 1979 ஆகஸ்ட் 10-ல் கிளம்பிய முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டும் கடலில்தான் விழுந்தது. காரணம் ஒரு வால்வு சரியாக மூடாமல் கசிந்தது. அடுத்த வருஷம் ஜூலை 18-ல் அதே எஸ்.எல்.வி. ரோகிணியை ஜம்மென்று விண்ணில் கொண்டுபோய் வைத்தது. ஆக, ராக்கெட்டோ போட்டோ, மானத்தை வாங்குவது சின்ன ஓட்டைதான்.

மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்துத் தரையில் பரப்பினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பன் திடீரென்று, "நைனா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

இங்கே ஒரு சின்ன பாடம். இந்த எஞ்சின் இரண்டு எண்ணெயில் ஓடும். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். செலவு குறைச்சல். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். எஞ்சின் ஆறிய பிறகு அதில் ஸ்டார்ட் ஆகாது.

2003. நண்பன் அப்போது பிளஸ் ஒன். படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறேன் என்று பிடிவாதம். ஒரு நாள் அப்பாவோடு முகத்துவாரம் தாண்டிப் போயிருக்கிறான். வலை கிட்டே வந்ததும் அப்பா "நிறுத்து" என்று கத்த, இவன் பட்டென்று அணைத்துவிட்டான். பெட்ரோலுக்கு மாற்றவில்லை. ஒரு மணி நேரம் வலை இழுத்தார்கள். பிறகு எஞ்சின் கிளம்பவில்லை. கார்புரேட்டரை வடிக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். பிளக்கைக் கழற்றித் துடைக்க ஸ்பேனர் வேண்டும். டூல்ஸ் பையையே இவன் சைக்கிள் ரிப்பேருக்கு எடுத்து வீட்டில் விட்டிருந்தான். ராத்திரி முழுக்க அலையில் மிதந்து, விடிந்த பிறகு வேறொரு போட்டுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தாராம்.

கரைக்கு வந்ததும் அப்பா, "இந்த எஞ்சின் சரிப்படாது, ராசியில்ல" என்று சொல்லிப் பரணில் ஏற்றினார். அதற்கப்புறம் அவர் கடலுக்குப் போகவில்லை. ஏரியிலேயே, பாடு முறையில் தன் முறை வரும் நாளில் வலை போட்டு, கழி ஊன்றி, காலத்தை ஓட்டினார். (பாடு என்றால், ஏரியில் யார் என்றைக்கு எங்கே வலை போடுவது என்று ஊரே சேர்ந்து முறை வைத்துக்கொள்வது. சண்டை இல்லாமல் பங்கு போட அவர்கள் கண்டுபிடித்தது. நம் ஆபீஸ் லீவு லிஸ்ட்டுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன்.)

"எஞ்சின் மேல தப்பில்ல நைனா. நான்தான் மாத்தாம நிறுத்திட்டேன். பயந்துகினு சொல்லல."

அப்பா ஊசியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"இன்னாது?"

"அன்னிக்கி ராவே தெரியும். மூடியைத் தொறந்தா கிருஷ்ணாயில் வாசனை. இத்தினி வருசம் தொழில் பண்றவனுக்கு மூக்கு இல்லியா?"

"அப்புறம் ஏன் எஞ்சின் மேல பழியப் போட்ட?"

"உன் மேல போட்டிருந்தா ரோசம் வந்து, 'நாளைக்கு சரியாச் செஞ்சு காட்றேன்'னு மறுபடி கடலுக்கு வந்து நிப்பே. எஞ்சின் மேல போட்டேன், நீ ஸ்கூலுக்குப் போனே."

யாரும் பேசவில்லை. மெக்கானிக் பையன்கூட ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். அந்த மனுஷன் இருபது வருஷத்துக்கு மேல் ஏரியில் கழி ஊன்றிக்கொண்டிருந்ததற்கு எந்த லெட்ஜரில், எந்தப் பக்கத்தில் பதிவு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பி.காமில் அதைச் சொல்லித் தரவில்லை.

நாற்பத்து நான்காவது இழுப்பை அப்பா இழுத்தார். சோக்கை இழுத்துவிட்டு, காலை ஊன்றி, ஒரே ஒரு சொடுக்கு. 'படபட'வென்று பிடித்துக்கொண்டது! ஊற வைத்த எண்ணெய் எல்லாம் எரிந்து, தெரு முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டு அம்மா கொசு மருந்து வண்டி என்று நினைத்துக் கதவைச் சாத்தினார். அரை நிமிஷத்தில் எஞ்சினின் பக்கத்திலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் பீய்ச்சியது. "ஒண்ணுக்குப் போவுது சார், பம்ப் ஓகே!" என்று மெக்கானிக் குதித்தார். இவ்வளவு சந்தோஷமாக அந்தச் செய்தியை நான் கேட்டதில்லை.

சாயங்காலம் ஏரியில் ஒரு சின்ன சுற்று. நாங்கள் மூன்று பேர் மட்டும், மூன்று பேருக்கும் லைஃப் ஜாக்கெட். வேடிக்கை பார்த்த பையன்கள் "நாங்களும்" என்று ஏற வந்தபோது அப்பா ஒருவனையும் விடவில்லை. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஊர் அதை மறக்கவில்லை. தூரத்தில் பூநாரைகள், அதற்கும் தூரத்தில் ராக்கெட் தளம். முகத்துவாரம் கண்ணில் பட்டதும் அப்பா போட்டைத் திருப்பச் சொன்னார்.

கரை நெருங்கியது. நண்பன் கை எஞ்சினை அணைக்கப் போனது.

"பெட்ரோலுக்கு மாத்தினியா?" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே.

"மாத்திட்டேன் நைனா."

திங்கட்கிழமை எடைக்காரர் தராசோடு வந்தார். எஞ்சின் இல்லை என்றதும் முகம் தொங்கிப்போயிற்று. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று அம்மா பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைத் தூக்கிப் போட்டார். கட்டின் மேலே சிரித்துக்கொண்டிருந்தது, என் போட்டோ போட்ட இந்தப் பகுதி!

பூஜ்ய மதிப்பு எஞ்சின் வீட்டுக்குள். நான் தராசில். தேய்மானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் சார் முழுசாகப் புரிந்தது.