பேஸ் கிதாருக்குத் தனி ப்ரீஆம்ப் வேண்டுமா?

பையன் பேஸ் கிதார் கற்கிறான், வீட்டிலேயே ரெக்கார்ட் பண்ண எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம் என்று இங்கே ஜனக்புரியில் தமிழ் நண்பர்கள் கேட்கிறார்கள். என் கட்சி: ஒன்றும் வாங்காதீர்கள் :-)

கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது. பார்க்க வேண்டியது, அதில் கிதாருக்கென்று ‘ஹை-இசட்’ இன்புட் உண்டா என்பதுதான். பேட்டரி இல்லாத பேஸுக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஓம் உள்ள இன்புட் வேண்டும். சுமார் 10 ஆயிரம் ஓம் உள்ள லைன் இன்புட்டில் செருகினால் சத்தம் மங்கித்தான் போகும். பழியோ ப்ரீஆம்ப் மேல்! 9 வோல்ட் பேட்டரி போடும் பேஸ் என்றால் கிதாருக்குள்ளேயே ப்ரீஆம்ப் உண்டு.

1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸை, ஆம்ப் முன்னால் மைக் வைக்காமல் நேராகவே பதிந்தார்கள். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியவர் அவர். நாதம் விரலில் இருக்கிறது சாமி.

மிச்சமாகும் காசில் புதுத் தந்தியும் நல்ல ஹெட்ஃபோனும் வாங்குங்கள். அடித்தந்தியின் 41 ஹெர்ட்ஸ் சின்ன ஸ்பீக்கரில் கேட்காது. பெரிய ஸ்பீக்கர் வைத்தால் டி.டி.ஏ. ஃபிளாட்டில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். பிளக் பாயின்ட்டில் எர்த் சரியா என்றும் எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை விலையுயர்ந்த ப்ரீஆம்ப் நீக்காது, பெரிதாக்கும்.

இன்னொன்று. ஆயிரக்கணக்கில் செலவழித்த வீட்டில், “இவ்வளவு வாங்கிக் கொடுத்தும் வாசிக்கவில்லையே” என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். அந்தப் பாரம் பையனுக்கு வேண்டாம். ஒரு வருஷம் வாசிக்கட்டும். அப்புறம் எந்த நாதம் வேண்டும் என்று அவனே சொல்லுவான், அப்போது வாங்கலாம்.