மழைக்கு முந்தும் ஓட்டம்

இந்த வாரம் முழுக்க எனக்கு மனசு நிறைந்து கிடக்கிறது. காரணம், திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பி. தஞ்சோங் மாலிம் புரோட்டோன் சிட்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். வந்த புதிதில் வேலை, வாடகை அறை, கைப்பேசியில் அம்மா முகம், அவ்வளவுதான் அவருடைய மலேசியா. இப்போது ஞாயிறு விடிகாலையில் பல்கலைக்கழகப் பக்கம் கூடி ஓடும் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறார். மலாய்ப் பயிற்சி ஆசிரியர்கள், மருந்துக்கடைச் சீனர் ஒருவர், நம் பிள்ளைகள் சிலர். ஓடி முடித்ததும் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பசியாறுகிறார்கள். “அண்ணே, இப்போ காய்ச்சல்னு படுத்தா கதவத் தட்ட ஆள் இருக்கு” என்றார். அதைக் கேட்டதிலிருந்துதான் இந்த நிறைவு.

நம் நாட்டு மண்ணில் இது புதிதல்ல. ஊர்விட்டு வந்தவன் ஓடி நட்புத் தேடுவதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே மலாயாதான். 1938 டிசம்பரில் கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் அவருடைய நண்பர்களும் ஓர் ஓட்டக் குழுவைத் தொடங்கினார்கள். செலாங்கூர் கிளப்பின் தங்கும் விடுதியில் அவர்களில் பலர் குடியிருந்தார்கள். அங்கே போட்ட சலிப்பூட்டும் சாப்பாட்டை வைத்து அந்த இடத்துக்கு ‘ஹேஷ் ஹவுஸ்’ என்று பட்டப்பெயர். குழுவுக்கும் அதுவே பெயராகி, ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் பிறந்தது.

அந்த ஆட்டத்தின் விதியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ‘முயல்’ ஆனவர் முன்னால் போய்க் காகிதத் துண்டுகளைப் போட்டுத் தடம் வைப்பார். நடுநடுவே பொய்த் தடமும் வைப்பார். வேகக்காரர்கள் பொய்த் தடத்தில் போய் முட்டித் திரும்புவதற்குள் மூச்சு வாங்கி வருகிறவரும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வார். சரியான தடம் கிடைத்தவர் கூவினால் மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்புவார்கள். முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. வார இறுதிக் குடியின் மயக்கம் தெளிவதும், மறுபடி நன்றாகத் தாகம் எடுப்பதும் குழுவின் நோக்கங்கள் என்று எழுதியே வைத்திருந்தார்கள். கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் இறந்தார். போர் முடிந்ததும் மிச்சமிருந்த நண்பர்கள் குழுவை மீண்டும் எழுப்பினார்கள். இன்று உலகெங்கும் ஏறக்குறைய 2000 கிளைகள் இருக்கின்றன.

அவர்கள் ஓடியது எங்கே? ரப்பர்த் தோட்டங்களில்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் எங்கே திரும்புவேன் என்று தெரியும். தோட்டத்துப் பெயர்கள் அழிந்து தாமான் பெயர்கள் முளைப்பதைப் பற்றி எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன். பெர்ணம் ஆற்றின் இரு கரையிலும், பேராங், சிலிம் ரிவர் வரைக்கும், பால்மரம் நின்ற மண் இது. இன்று கேட்டால் வீட்டு எண்ணும் ஜாலான் எண்ணும்தான் சொல்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்தத் தீம்பார் என்று பேரப்பிள்ளைக்குத் தெரியவில்லை. ஹேஷ் வரலாற்றைச் சொல்பவர்களும் மேடு, சேறு, அட்டை எல்லாவற்றையும் சொல்கிறார்கள். அந்த மரங்களில் காலையில் பால் வெட்டிவிட்டுப் போன ஆளைச் சொல்வதில்லை.

அதே 1938-இல், ஜூன் மாதம், பயணச் செலவுக்கு உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி ஆள் கூட்டிவந்த காலம் அதோடு முடிந்தது. கிஸ்பர்ட் குழுவினர் துணை தேடி ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், நம்மவருக்கு ஊரிலிருந்து புதுமுகம் வருவது அநேகமாக நின்றது. இனி லயத்தில் பக்கத்து வீட்டில் இருப்பவர்தான் அண்ணன், அவர்தான் சம்பந்தி. அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போய்விடும் என்று, வெட்டப் போகிறவர் சோறு கொண்டுபோகவும் தடை. 1952 மார்ச்சில் நம் ஊர் அருகே 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் தஞ்சோங் மாலிமுக்கே வந்து நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார், அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது.

என் அம்மா இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டினார். விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் நிரை பிரிந்து போவார்கள். ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால் வெட்டுவதில் வேகம். ஆனால் தோட்டத்தில் உண்மையான ஓட்டம் வானம் கறுத்தால்தான். மழை பட்டையில் வழிந்து பால் பிடிக்கும் மங்குக்குள் இறங்கிவிட்டால் பால் தண்ணீரோடு போய்விடும், அன்றைய கூலியும் குறையும். வாளியோடு மரத்துக்கு மரம் ஓடுவார்கள். அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் ஓர் அக்கா. வேறு மாவட்டத்துக்காரர், வேறு சாதி. அம்மா ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒரு நாள் மழை இருட்டியது. அந்த அக்கா தன் நிரையைப் பாதியில் விட்டு, அம்மாவின் நிரைக்குள் ஓடிவந்து மங்கு மங்காகச் சாய்த்துக் கொடுத்தார். அவர் பால் கரைந்து போனது. மறு வாரம் அவர் பிள்ளைக்கு அம்மை கண்டபோது அம்மா அவர் வீட்டில் போய்க் கிடந்தார். எங்கள் இரண்டு குடும்பமும் இன்றைக்கும் உறவென்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிப்பட்ட நிரைகள் இருந்த மாநிலத்தில்தான், தாப்பாவில், ஓட்ட வீராங்கனை ராஜாமணி பிறந்தார். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். அந்தப் பதக்கம் நமக்குத் தெரிகிறது. மழைக்கு முந்தி ஓடிய பெண்களுக்கு யாரும் நேரம் குறித்து வைக்கவில்லை.

தோட்டம் கைமாறியதும் லயம் கலைந்தது. அம்மா தஞ்சோங் மாலிமில் மலிவுவிலை வீட்டில். அந்த அக்கா மகனோடு ரவாங்கில். ரயில் இருக்கிறது, ஆனால் இருவருக்கும் முழங்காலில் வலு இல்லை. நாற்பது வருடம் பக்கத்து நிரையில் நின்றவர்கள் இப்போது பெருநாளுக்கு ஒரு தடவை போனில் பேசுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பிக்கு நண்பர் கிடைப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷமோ, சொந்த ஊரிலேயே இவர்கள் தனித்துப்போனது அவ்வளவு வேதனை.

ஆகவே வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ பக்கத்து நிரையில் வெட்டியவர் யார் என்று கேளுங்கள். அவர் பெயர், தோட்டம், தீம்பார், கடைசியாகப் பார்த்த வருடம் இவற்றை எழுதிப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். சம்மதிப்பவர்களின் விவரத்தை அடுத்த வாரம் முதல் இங்கே போடுகிறேன். பேராங், கலும்பாங், ஊலு பெர்ணம் பக்கத்துக் கடிதங்களுக்கு முதலிடம்.