செவ்வானம் முல்லைத் திணை ஆகுமா?

ஃப்ரெடெரிக் சர்ச் 1860-இல் தீட்டிய ‘வனாந்தரத்தில் அந்தி’ என்னும் அமெரிக்க ஓவியத்தைப் பகிர்ந்து, ‘இதுவன்றோ முல்லைத் திணை!’ என வியப்போர் பெருகிவிட்டனர். மறுக்கிறேன்.

மாலை முல்லைக்குரிய சிறுபொழுது என்பது மெய்யே. ஆயினும் நிலமும் பொழுதும் முதற்பொருள் மட்டுமே. கருப்பொருளில் உணவும் தொழிலும் உண்டு. முல்லையின் உரிப்பொருளோ இருத்தல். காத்திருப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். சர்ச்சின் செவ்வானத்தின் கீழ் ஆளே இல்லை. அவ்வெறுமையைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அகற்ற 1830-இல் சட்டமியற்றிய நாடு அது. ஆளற்ற நிலம் என்னும் கற்பனைக்கு அந்த ஒளி அழகு சேர்த்தது.

நேற்று மாலை தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நின்றிருந்தேன். புகைமூட்டத்தினூடே வானம் சிவந்திருந்தது. கீழே மீன் வெட்டுவோர், சுமை தூக்குவோர், கறிவேப்பிலைக்குப் பேரம் பேசும் நம்மூர்க் குடும்பங்கள். வானத்தை மட்டும் படமெடுத்துப் பகிர்ந்திருந்தால் விருப்பக்குறிகள் குவிந்திருக்கும். அந்தச் சந்தை மறைந்திருக்கும்.

சர்ச்சின் ஒளியை ரசிப்போம், அதில் பிழையில்லை. அதற்கு நிலக்காட்சி என்னும் சொல்லே போதும். திணை என்று சொல்ல, கீழே நிற்கும் மனிதரும் வேண்டும்.